நிவாரண அட்டைக்குச் சாமான் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

(போருக்குப் பின்னரான மீள்குடியேற்றக் காலத்தில், மீள்குடியேறிய குடும்பங்களுக்காகக் கிராமப் பொதுநோக்கு மண்டபத்தில் நடைபெற்ற தகவல் கூட்டத்தில் எமது களப் பணியாளர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்களின் நன்மை கருதி, இறுதியில் கேட்கப்பட்ட கேள்விகளுடன் இங்கே தரப்படுகிறது.)



காணி துப்புரவாக்க வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கூரைக்குக் கிடுகோ தகரமோ தேட வேண்டும் என்று ஆயிரம் வேலைகள் இருக்கும் நேரத்தில் இங்கு வந்திருக்கிறீர்கள். அதனால் நான் பல விடயங்களைத் தொடப் போவதில்லை. ஒன்றை மட்டும் பேசுகிறேன். உங்கள் கையில் நிவாரண அட்டை இருக்கிறது. கடந்த தடவை சாமான் கிடைத்தது. இந்தத் தடவை சங்கக்கடைக்குப் போகிறீர்கள். "உங்கட காட்டுக்கு இல்லை" என்கிறார்கள். அந்த நேரத்தில் என்ன செய்வது?

பலர் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குத் திரும்பி விடுகிறார்கள். அடுத்த முறை தருவார்கள் என்று காத்திருக்கிறார்கள். அதற்கிடையில் கடையில் கடன் ஏறுகிறது. தோடு அடகுக்குப் போகிறது. வீட்டுக்குத் தந்த தகரத்தையும் விதைநெல்லையும் விற்று அரிசி வாங்கும் நிலை வருகிறது. விதைநெல்லை விற்ற குடும்பம் அடுத்த காலபோகத்திலும் பிறர் கையைப் பார்க்க வேண்டி வரும். ஆகவே இது ஒரு தடவை அரிசியோடு முடிகிற விடயம் அல்ல.

இன்னொன்று. மீள்குடியேறிய குடும்பங்களுக்கான உலருணவு, வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்கே வழங்கப்பட்டது. பேசாமல் இருந்த ஒவ்வொரு கிழமையும் அந்த ஆறு மாதத்துக்குள் கழிந்து போனது.

சாமான் எந்த வழியால் வருகிறது?

எங்கே தடைப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க, வரும் வழி தெரிய வேண்டும்.

முதலில் கிராம அலுவலர். நாங்கள் வழமையாக விதானையார் என்று சொல்பவர். தன் பிரிவில் யார் வந்து குடியிருக்கிறார்கள், ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர் என்று அவர் பதிந்து உறுதிப்படுத்துகிறார். இரண்டாவது பிரதேச செயலகம். விதானைமார் கொடுக்கும் விபரங்களை அங்கே ஒன்றுசேர்த்து, இந்தக் கிராமத்தில் இத்தனை குடும்பங்களுக்கு இவ்வளவு என்று பட்டியல் தயாரித்து அனுமதி கொடுக்கிறார்கள். மூன்றாவது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். உலக உணவுத் திட்டம் அரசாங்கத்துக்குக் கொடுத்த உணவு, அந்தப் பட்டியலின்படி சங்கத்தின் கிளைக்கு வந்து உங்கள் பைக்குள் நிறுக்கப்பட்டது.

ஆகவே அட்டை தானாகச் சாமான் தருவதில்லை. பட்டியலில் உள்ள பெயர்தான் தருகிறது. நீங்கள் எத்தனை பேர், எந்தத் திகதியில் எடுத்தீர்கள் என்பதைக் காட்டும் சாட்சிதான் அட்டை. அட்டை கையில் இருந்தும் பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் சாமான் வராது. அட்டை தொலைந்தாலும் பெயர் பட்டியலில் இருந்தால் திருத்திக்கொள்ள வழி உண்டு. இந்த ஒன்றை மனதில் வைத்திருந்தால் வீண் அலைச்சல் பாதி குறையும். சங்கக்கடை முகாமையாளருடன் சண்டை பிடித்து அவரால் பெயர் சேர்க்க முடியாது. பட்டியல் அவருடையது அல்ல.

கடை வாசலிலேயே கேட்க வேண்டியவை

"இல்லை" என்று சொன்னவுடன் திரும்பி வராதீர்கள். கோபப்படவும் வேண்டாம். நின்று நிதானமாக நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: சாமான் வரவில்லையா, அல்லது என் பெயர் இல்லையா? இவை இரண்டும் வெவ்வேறு. லொறி வராவிட்டால், மழையில் பாதை பழுதாகியிருந்தால் முழுக் கிராமத்துக்கும் கிடைக்காது. உங்கள் அட்டையில் ஒரு பிழையும் இல்லை. எப்போது வரும் என்று மட்டும் கேட்டு வாருங்கள்.

இரண்டாவது: பட்டியலில் என் பெயரை ஒருக்கால் பார்க்க முடியுமா? பெயர் மாறி எழுதப்பட்டிருக்கலாம். "சிவ" என்று தொடங்கும் பெயர் "சிவா" என்று மாறியிருக்கும். தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறியிருக்கும். அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் தவறியிருக்கும். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதித் திரும்பத் தமிழில் எழுதும்போது இப்படி நடப்பது சாதாரணம். பெயரை மட்டும் பார்க்காமல் அடையாள அட்டை இலக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள்.

மூன்றாவது: பெயர் இல்லை என்றால், வெட்டப்பட்டதா, சேர்க்கப்படவே இல்லையா? வெட்டப்பட்டிருந்தால் பக்கத்தில் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கலாம். அதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காவது: யாரிடம் போக வேண்டும்? சொன்னவரின் பதவி, அன்றைய திகதி, சொன்ன காரணம். இந்த மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னர் கந்தோரில் "எப்ப போனனீங்கள், ஆர் சொன்னது?" என்று கேட்டால் அந்தக் கொப்பி பதில் சொல்லும்.

வழமையாக வரும் தடைகள்

ஒன்று: முகாமில் பெயர் வெட்டுப்பட்டு, ஊரில் சேர்க்கப்படாமல் இருப்பது. மிகக் கூடுதலாக வருவது இதுதான். செட்டிகுளம் முகாம்களிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ நீங்கள் வெளிக்கிட்டவுடன் அங்கே உங்கள் பெயர் நீக்கப்பட்டது. இங்கே வந்து விதானையாரிடம் பதிந்தால்தான் புதிய பட்டியலில் ஏறும். பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று ஒரு இடத்தில் கையொப்பம் வைத்தோமே என்று பலர் நினைக்கிறார்கள். அது வந்ததற்கான பதிவாக மட்டும் இருக்கலாம். முகாமில் தந்த விடுவிப்புக் கடிதத்தையும் பழைய குடும்ப அட்டையையும் எடுத்துக்கொண்டு விதானையாரிடம் போய், "எங்கட பெயர் நிவாரணப் பட்டியலுக்குப் போய்விட்டதா?" என்று நேரடியாகக் கேளுங்கள். முகாம் அட்டை இனித் தேவையில்லை என்று எறிந்து விடாதீர்கள். முன்பு எங்கே, எத்தனை பேராக இருந்தீர்கள் என்பதற்கு அதுதான் ஆதாரம்.

இரண்டு: பதிவு ஒரு பிரிவில், குடியிருப்பது வேறு பிரிவில். உதாரணமாக, உங்கள் சொந்தக் காணி கண்டாவளைப் பிரதேச செயலகப் பிரிவில். கண்ணிவெடி அகற்றி முடியாததால் கரைச்சியில் அக்கா வீட்டில் இருக்கிறீர்கள். கண்டாவளைப் பட்டியலில் தேடினால் "இங்கே இல்லை" என்பார்கள். கரைச்சியில் கேட்டால் "உங்கட ஊர் அது அல்லவா" என்பார்கள். இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு விதானையாரிடமும் போக வேண்டும். இப்போது குடியிருக்கும் பிரிவின் விதானையாரிடம் "இந்தத் திகதியிலிருந்து இங்கே தற்காலிகமாக வசிக்கிறார்கள்" என்று கடிதம் எடுங்கள். காணி உள்ள பிரிவின் விதானையாரிடம் "இங்கே நிவாரணம் பெறவில்லை" என்று கடிதம் எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிரதேச செயலகத்தில் கொடுங்கள். எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று அங்கேதான் முடிவெடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் பதிய வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டுமே நிறுத்தப்படலாம்.

மூன்று: ஆட்களின் எண்ணிக்கை பொருந்தாமல் இருப்பது. குழந்தை பிறந்திருக்கும், மகள் கல்யாணம் முடித்துப் போயிருப்பாள், தாயார் காலமாகியிருப்பார், மகன் வவுனியாவில் அம்மம்மாவுடன் நின்று படிப்பான். மாற்றம் நடந்தவுடன் விதானையாரிடம் சொல்லித் திருத்துங்கள். குழந்தைக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இன்னும் கிடைக்காவிட்டால் வைத்தியசாலை அட்டையையும் கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். போனவர்களின் பெயரைக் குறைப்பதற்கும் தயங்க வேண்டாம். இல்லாத ஒருவருக்குச் சாமான் எடுத்தது தெரியவந்தால், இருக்கிற நான்கு பேரின் பங்கும் விசாரணை முடியும் வரை நிற்கக்கூடும். பிள்ளையின் பெயர் பிள்ளை சாப்பிடும் இடத்தில் இருக்க வேண்டும். அதுதான் நியாயமும்.

நான்கு: அட்டை தொலைந்தது, நனைந்தது, கிழிந்தது, பக்கம் முடிந்தது. கூடாரத்திலும் கொட்டிலிலும் இருக்கும்போது இது நடக்கத்தான் செய்யும். தொலைந்தால் விதானையாரிடம் அறிவியுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி வேண்டும் என்று சொன்னால் பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். பழுதான அட்டையை வீசாமல் கொண்டுபோய்க் காட்டுங்கள். அதில் இலக்கம் தெரிந்தாலே போதும், வேலை சுலபம். இன்றைக்கே செய்யக்கூடிய ஒரு காரியம்: அட்டை இலக்கத்தையும் குடும்பத்தார் எல்லோருடைய அடையாள அட்டை இலக்கத்தையும் ஒரு கடதாசியில் எழுதி, அட்டையோடு சேராமல் வேறிடத்தில் வையுங்கள்.

ஐந்து: அட்டை வேறு ஒருவர் கையில் இருப்பது. கடனுக்கு ஈடாகக் கடைக்காரரிடம் அட்டையைக் கொடுக்காதீர்கள். நிவாரண அட்டை அடகுப் பொருள் அல்ல. எந்த உத்தியோகத்தரோ நிறுவனமோ பதிவுக்கு அட்டையை வாங்கினால், எப்போது திருப்பித் தருவார்கள் என்று கேட்டு, வாங்கியதற்கு ஒரு துண்டு எழுதி எடுங்கள். எங்கள் நிறுவனம் கேட்டாலும் அப்படித்தான். மூலப்பிரதியைக் காட்டலாம். கொடுப்பது போட்டோக் கொப்பியாக இருக்கட்டும்.

ஆறு: ஆறு மாதம் முடிந்து போவது. இது பிழை அல்ல, திட்டத்தின் முடிவு. ஆனால் ஆறு மாதம் எந்தத் திகதியிலிருந்து எண்ணப்பட்டது என்று பாருங்கள். நீங்கள் இங்கே வந்தது ஒரு திகதி, பட்டியலில் பெயர் ஏறியது இன்னொரு திகதியாக இருக்கலாம். நடுவில் விடுபட்ட தடவைகள் இருந்தால் அட்டையில் அந்த இடங்கள் வெறுமையாக இருக்கும். அதைக் காட்டி, விடுபட்டதைத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கேட்டவுடன் கிடைக்கும் என்று நான் உறுதி சொல்லவில்லை. எழுத்தில் கேட்காவிட்டால் கிடைக்க வழியே இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ஆறு மாதம் முடியும் முன்னரே அடுத்ததைத் தேடுங்கள். அரசின் நலன்புரி உதவிக்கு விண்ணப்பியுங்கள். நிவாரண அட்டை இருப்பதால் அந்த உதவி தானாக வந்துவிடாது. வயதானவர்கள், வலுவிழந்தவர்கள், உழைக்க ஆளில்லாத பெண்கள் பொதுசன மாதாந்த உதவிப்பணத்துக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். கர்ப்பிணித் தாய்மாரும் பாலூட்டும் தாய்மாரும் நிறை குறைந்த குழந்தைகளும் குடும்பநல மாதுவிடம் திரிபோஷா பற்றிக் கேளுங்கள். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வாசல். ஒரு வாசல் மூடினால் எல்லாம் மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

குறைவாகத் தந்தால்

அட்டை வேலை செய்தும் அளவு குறைவது இன்னொரு பிரச்சினை. உங்களுக்கு எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாவிட்டால் குறைந்தது தெரியாது. ஒருவருக்கு எவ்வளவு என்ற அளவைச் சங்கக்கடையில் எழுதி ஒட்டும்படி கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகக் கேளுங்கள். பிறகு கணக்குச் சுலபம். ஒருவருக்குக் கிழமைக்கு 1.4 கிலோ அரிசி என்று எழுதியிருந்தால், ஐந்து பேருக்கு 7 கிலோ. இரண்டு கிழமைக்கு 14 கிலோ. கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் இதே மாதிரிப் பெருக்கிப் பார்த்து, போகும் முன்பே கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள்.

நிறுக்கும்போது தராசைப் பாருங்கள். கடையை விட்டு வெளியே வந்த பின் "குறையுது" என்றால் யாரும் நம்புவது கடினம். வாங்கிய அளவு மட்டும் அட்டையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையொப்பம் வையுங்கள். வெறும் பக்கத்தில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைக்க வேண்டாம். சீனி வரவில்லை என்றால், சீனி இடத்தில் கோடு போடச் சொல்லுங்கள். "பிறகு தருகிறோம், இப்ப வையுங்கோ" என்று சொன்னாலும், பிறகு தரும்போது வைக்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

எழுத்தில் கொடுப்பது எப்படி?

வாயால் சொன்னது வாசலோடு போய்விடும். ஒரு பக்கக் கடிதம் போதும். பெரிய தமிழ் தேவையில்லை. இதைப் பார்த்து எழுதலாம்:

பிரதேச செயலாளர் அவர்களுக்கு,
கிராம அலுவலர் ஊடாக.

நிவாரணம் கிடைக்காமை தொடர்பாக

ஐயா/அம்மணி,

நான் .......... கிராம அலுவலர் பிரிவில் .......... திகதியிலிருந்து எனது குடும்பத்தினர் .......... பேருடன் வசித்து வருகிறேன். எனது நிவாரண அட்டை இலக்கம் .......... . அடையாள அட்டை இலக்கம் .......... . கடைசியாக .......... திகதியில் நிவாரணம் பெற்றேன். .......... திகதியில் கூட்டுறவுச் சங்கக் கிளைக்குச் சென்றபோது .......... என்ற காரணம் கூறப்பட்டு நிவாரணம் வழங்கப்படவில்லை. எனது பெயரைப் பட்டியலில் திருத்தி/சேர்த்து, விடுபட்ட நிவாரணத்தையும் வழங்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கையொப்பம், திகதி.

இதை இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றதில் "கிடைத்தது" என்று எழுதி, திகதி போட்டு, முத்திரையோ கையொப்பமோ வாங்கி வீட்டில் வையுங்கள். முதலில் விதானையார், பிறகு பிரதேச செயலகம், அதற்கும் மேலே கச்சேரியில் அரசாங்க அதிபர். இந்த ஒழுங்கில் போனால் "முதல்ல அங்க போங்கோ" என்று திருப்பி அனுப்ப இடம் இருக்காது. கந்தோரில் பொதுமக்களைச் சந்திக்கும் நாள் எது என்று முதலில் கேட்டறியுங்கள். தூரத்திலிருந்து போகிறவர்கள், பொறுப்பான உத்தியோகத்தர் அன்று இருப்பாரா என்று விதானையாரிடம் கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் இல்லையென்றால் முதல் கடிதத்தின் பிரதியை இணைத்து இரண்டாவது கடிதம் கொடுங்கள். பாகுபாடு காட்டப்பட்டது, பணம் கேட்கப்பட்டது, மிரட்டப்பட்டது போன்ற நிலை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் அலுவலகங்கள் உண்டு. பதிவுக்கோ பெயர் சேர்ப்பதற்கோ எவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்விகளும் பதில்களும்

ஒரு அம்மா: "தம்பி, என்ர இவர் கடைசிச் சண்டையிலை காணாமல் போனவர். காட் அவற்றை பேரிலை. இப்ப மரணச் சேட்டிபிக்கற் கொண்டு வந்தால்தான் என்ர பேருக்கு மாத்தலாம் எண்டு சொல்லினம். நான் அதை எடுக்கமாட்டன். அவர் இருக்கிறார் எண்டுதான் நான் நினைக்கிறன். சாப்பாட்டுக்காக நான் அதை எழுதிக் குடுக்கவோ?"

பதில்: அம்மா, சாப்பாட்டுக்காக நீங்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. நிவாரண அட்டை எழுதப்படுவது இப்போது வீட்டில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. உங்கள் கணவருக்கு நீங்கள் பங்கு கேட்கவில்லை. அப்படியிருக்க, அவர் இறந்தார் என்று நிரூபிக்கும் தேவை எங்கிருந்து வருகிறது? நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "கணவர் தற்போது வீட்டில் இல்லை, குடும்பத்தை நான் நடத்துகிறேன். குடும்பத் தலைவராக என் பெயரைப் பதியுங்கள்." இதை விதானையார் தன் கடிதத்தில் உறுதிப்படுத்தலாம். பொலிசில், மனித உரிமைகள் ஆணைக்குழுவில், செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவில் அவரைத் தேடித் தரும்படி பதிந்த துண்டு ஏதாவது இருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். கடிதத்தில் "காணாமல் போயுள்ளார்" என்று உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். "இறந்துவிட்டார்" என்றோ "பிரிந்து வாழ்கிறார்" என்றோ எழுதினால் கையொப்பம் வைக்க முன் திருத்தச் சொல்லுங்கள். இன்னொரு கந்தோரில், இன்னொரு நாள் அந்தச் சொல் உங்களுக்கு எதிராக வரலாம்.

காணாமல் போனவர்களுக்கு இறப்புப் பதிவு செய்வதற்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் ஒரு வழி வைத்தது. காணி, வங்கிக் கணக்கு போன்ற தேவைகளுக்காகச் சிலர் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் கூடாது. ஆனால் அது உங்கள் விருப்பம். வேறு எவரும் உங்களை அவசரப்படுத்த இடம் கொடாதீர்கள். மீண்டும் சேட்டிபிக்கற் கேட்டால், "அதை எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள், எங்கள் உதவி மேசைக்கும் வாருங்கள். பிரதேச செயலகத்துக்கு உங்களோடு வந்து பேசுவது எங்கள் வேலை.

ஒரு ஐயா: "மகன் புனர்வாழ்வு முடிச்சு போன மாசம்தான் வந்தவன். அவனுக்குச் சேத்துத் தரேல்லை. கேக்கவும் பயமாக் கிடக்கு."

பதில்: அவர் முறைப்படி விடுவிக்கப்பட்டு வீட்டில் இருக்கிறார். மற்றவர்களைப் போல அவரும் இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான். விடுவிப்புக் கடிதத்தின் பிரதியை விதானையாரிடம் கொடுத்து எண்ணிக்கையைத் திருத்தக் கேளுங்கள். மூலக் கடிதத்தை எவரிடமும் விட்டுவிட்டு வர வேண்டாம். அவருக்கு அது வேறு பல இடங்களிலும் தேவைப்படும். நீங்களே போய்க் கொடுக்கலாம், மகன் போகத்தான் வேண்டும் என்றில்லை. தனியாகப் போகத் தயக்கம் என்றால் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரையோ மாதர் சங்கத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.

ஒரு தங்கை: "அண்ணா, எனக்கு அடையாள அட்டை சண்டைக்குள்ளை துலைஞ்சு போச்சு. பிறப்புப் பதிவும் இல்லை. என்னத்தைக் காட்டிறது?"

பதில்: இரண்டு வேலையையும் சமாந்தரமாகச் செய்ய வேண்டும். ஒன்று, விதானையாரிடம் படத்துடன் வதிவிட உறுதிக் கடிதம் எடுத்து, அதைக் காட்டி நிவாரணப் பதிவைச் செய்யுங்கள். முகாமில் தந்த தற்காலிக அடையாள அட்டை இருந்தால் அதையும் காட்டுங்கள். மற்றது, நடமாடும் சேவை வரும்போது பிறப்புப் பதிவின் பிரதிக்கும் அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். பிறந்த வைத்தியசாலை, படித்த பள்ளிக்கூடம், பிறந்த திகதி இவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். பள்ளிக்கூடப் பதிவேட்டிலிருந்து எடுக்கும் கடிதமும் உதவும். அடையாள அட்டை கிடைத்த பின்தான் நிவாரணத்துக்குப் போவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

ஒரு அம்மம்மா: "எனக்கு நடக்கேலாது. பேரப்பிள்ளையை விட்டால் குடுக்கினம் இல்லை."

பதில்: வயதானவர், நோயாளர், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர் ஆகியோருக்காக இன்னொருவர் எடுக்க, விதானையாரிடம் ஒரு அதிகாரக் கடிதம் எடுக்கலாம். அதில் எடுப்பவரின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்க வேண்டும். ஆகவே சிறு பிள்ளையை விட வளர்ந்த ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். நம்பிக்கையான அயலவர் நல்லது. சாமான் வீட்டுக்கு வந்ததும் அட்டையில் எழுதியதையும் பையில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

கந்தோருக்குப் போகும்போது கூனிக் குறுகிப் போக வேண்டாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, வெறும் காணியில் மறுபடி தொடங்குகிற குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்ட உணவு இது. அதைக் கேட்பது இரப்பது அல்ல. அதேபோல, அங்கே இருக்கும் உத்தியோகத்தர்களிலும் பலர் உங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்தவர்கள். ஒரே ஆளின் மேசையில் பல கிராமங்களின் பட்டியல் குவிந்திருக்கும். மரியாதையாக, ஆதாரத்தோடு, விடாமல் கேட்டால் பெரும்பாலானவை தீரும்.

உங்கள் ஒழுங்கையில் எழுத வாசிக்கத் தெரியாத ஒருவர், தனியாக இருக்கும் ஒரு தாய், பேச்சுக் குறைந்த ஒரு முதியவர் கட்டாயம் இருப்பார். அடுத்த விநியோக நாளில் அவர்களுடைய அட்டையையும் ஒருக்கால் வாங்கிப் பாருங்கள். கடைசியாகச் சாமான் எடுத்த திகதி எது, இடையில் வெறுமையான இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மேலே உள்ள கடிதத்தை அவர்களுக்காக எழுதி, அவர்களுடன் விதானையாரிடம் போங்கள்.

எமது உதவி மேசை இந்த மண்டபத்திலேயே நடைபெறுகிறது. நாட்களும் நேரமும் வாசலில் ஒட்டப்பட்டிருக்கின்றன. வரும்போது அட்டை, அடையாள அட்டை, கொப்பி மூன்றையும் கொண்டு வாருங்கள்.